பூஜ்யம் பாராத மானி

(திருவொற்றியூர் விவசாய டிமான்ஸ்டிரேட்டர் ஒருவரின் அபிப்பிராயம்)

தராசில் சரக்கை வைக்குமுன் வெறுந்தராசைத் தூக்கிக் காட்டச் சொல்லும் வழக்கம் நம் நாட்டில் தொன்றுதொட்டு உள்ளது. முள் நடுவில் நின்றால்தான் நிறுவையில் நம்பிக்கை பிறக்கும். நெல் விற்கும் குடியானவரும் உப்பு வாங்கும் கிழவியும் இதை அறிவர். ஆனால் இந்நாளில் நம் கிணறுகளிலும், சொட்டுநீர்க் குழாய்களிலும், பஞ்சாயத்து மேல்நிலைத் தொட்டிகளிலும் வந்தேறியுள்ள நீர்மானி, அழுத்தமானி முதலிய கருவிகளின் விஷயத்தில் இவ்வழக்கத்தை நாம் அடியோடு மறந்துவிட்டோம். அவை காட்டும் எண்ணை எல்லாரும் படிக்கின்றனர். நீர் ஓடாத வேளையில் அம்முள் எங்கே நின்றது, அதை யார் பார்த்தார், எந்தத் தேதியில் பார்த்தார் என்று கேட்பவர் மிகச் சிலரே.

மானி வைப்பது பெரிதன்று. அதன் பூஜ்யத்தைக் காப்பதே பெரிது என்பது என் துணிபு. இதைக் காக்கும் பொறுப்பைக் கடைக்காரரிடமோ மெக்கானிக்கிடமோ விட்டுவிடலாகாது. நிலச்சொந்தக்காரர் தம் கண்ணால் பார்க்கவேண்டும். கிராம அதிகாரி அதைப் பதிவேட்டில் எழுதவேண்டும். இவ்விரண்டும் நடவாதவிடத்து மானி இல்லாதிருப்பதே மேல். மானி இல்லாதவன் தனக்குத் தெரியாது என்பதையாவது அறிவான். பொய் மானி உடையவன் தெரிந்ததாக எண்ணிக் கெடுவான்.

நம் பிரதேசத்துக்கு இதில் என்ன அவசரம்?

திருவொற்றியூர் 2011-ம் வருஷத்தில் சென்னை மாநகராட்சியுடன் சேர்ந்துவிட்டது. இங்கு இப்பொழுது ஆலைகளே மிகுதி. வயல் காண்பது அரிது. ஆயினும் வடக்கே சென்றால் மீஞ்சூரும் பொன்னேரியும் இன்னும் உழவர் பூமியே. ஆரணியாறும் கொசஸ்தலையாறும் கொணர்ந்து படிவித்த மணற்படுகையின்மேல் அக்கிராமங்கள் அமைந்துள்ளன. 1960-களின் பிற்பகுதியில் ஐக்கிய நாடுகளின் வளர்ச்சித் திட்ட உதவியுடன் அப்படுகை ஆராயப்பட்டது. பின்னர் மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் ஆகிய இடங்களில் நீர்க்களங்கள் அமைந்து, சென்னை நகருக்கும் வடசென்னை ஆலைகளுக்கும் நீர் இறைக்கப்பட்டது. வயல் கிணறுகளும் ஓயாமல் இறைத்தன; விவசாயிகளில் சிலர் தம் கிணற்று நீரை நகரத்துக்கு விற்கவும் செய்தனர். இவையெல்லாம் சேர்ந்ததன் பயனாக, மீஞ்சூர்ப் பக்கத்தில் கடல்நீர் நிலத்தடியில் உட்புகுந்து, நல்ல கிணறுகள் பல உப்பாயின. 1987-ம் வருஷத்தில் சென்னை நகரையும் சுற்றுக் கிராமங்கள் பலவற்றையும் குறித்து நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றப்பட்டதற்கு இத்தகைய கேடுகளே காரணம். 2010-ம் வருஷத்தில் காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை தொடங்கி, நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் வரை நகரத்துக்கு அளிக்கும் ஏற்பாடு வந்தது. உப்பான கிணற்றை மீட்பதற்கோ அத்தகைய ஆலை எதுவும் இல்லை.

இதில் அளவுக்கருவியின் பங்கு யாது என்று கேட்கலாம். கடல்நீர் நன்னீரைவிட நூற்றுக்கு இரண்டரைப் பங்கு கனமானது. ஆகையால் கடலோர மணற்பூமியில் நன்னீர் கடல்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. கடல்மட்டத்துக்குமேல் 1 மீட்டர் உயரம் நன்னீர் நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே சுமார் 40 மீட்டர் ஆழம் வரை நன்னீர் இருக்கும் என்பது கைபென், ஹெர்ஸ்பெர்க் என்னும் மேனாட்டு அறிஞர் இருவர் தனித்தனியே கண்ட விதி. மண்ணின் தன்மைக்கேற்ப இது சிறிது மாறுமாயினும், அதன் சாரம் மாறாது. மேலே ஒரு சாண் குறைந்தால் கீழே உப்பு பல மீட்டர் ஏறும். கிணற்று நீர்மட்டத்தைக் காட்டும் கருவியின் பூஜ்யம் 20 சென்டிமீட்டர் பிழைத்திருந்தால், உப்புநீர் நிற்கும் ஆழத்தைப் பற்றிய நம் கணக்கு 8 மீட்டர் பிழைக்கும். மோட்டாரை நிறுத்தவேண்டிய நாளில், "இன்னும் நீர் இருக்கின்றது" என்று கருவி கூறும். அச்சொல்லை நம்பி இறைத்தவரின் நிலம் உவராகும்.

பூஜ்யம் பார்ப்பது எங்ஙனம்?

எளியதிலிருந்து தொடங்குவோம். சொட்டுநீர்ப் பாசனத்தில் வடிகட்டிக்கு முன்னும் பின்னும் ஓர் அழுத்தமானி உண்டு. கடைவீதியில் இதைப் பிரஷர் கேஜ் என்பர். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சதுர சென்டிமீட்டருக்கு அரைக் கிலோவை எட்டினால் வடிகட்டியைக் கழுவுதல் வழக்கம். பின்னுள்ள மானியின் முள், நீர் நின்றபிறகும் 0.3-ல் தங்கிவிடுகின்றது என்று வைத்துக்கொள்வோம். உண்மை வித்தியாசம் 0.7 ஆகும்போதும் மானிகள் 0.4 என்றே காட்டும். வடிகட்டி அடைத்துக்கொண்டிருக்க, உடையவரோ அது சுத்தமாயிருப்பதாகக் கருதுவார். கடைமடைச் செடிகள் வாடும்; பழியோ விதையின் மேலும் உரத்தின் மேலும் விழும். இதற்குப் பரிகாரம் ஒரு நிமிஷ வேலை. மோட்டாரை நிறுத்திக் குழாயின் அழுத்தத்தை வெளியேற்றி, முள் பூஜ்யத்துக்குத் திரும்புகின்றதா என்று பார்க்கவேண்டும். ஐயம் இருப்பின் ஒரே மானியை இரண்டு இடத்திலும் மாற்றி வைத்துப் பார்க்கலாம். மானியைக் குழாயினின்று இறக்கிக் கீழே வைத்திருப்பவர் ஒன்றை மறவாதிருக்கவேண்டும்: 2 மீட்டர் கீழே வைத்த மானி, இடையிலுள்ள நீரின் பாரத்தால் 0.2 கிலோ கூடுதலாகவே காட்டும்.

வாய்க்காலில் நீரை அளக்கும் முக்கோண வெட்டுப் பலகை பழைய சாதனமே. பூஜ்யப் பிழையின் கொடுமையை அதுவே நன்கு விளக்கும். வெட்டின் அடிமுனைக்கு மேல் நீர் 10 சென்டிமீட்டர் நின்றால், நேர்கோண வெட்டில் விநாடிக்குச் சுமார் 4.4 லிட்டர் ஓடும். அளவுகோலின் பூஜ்யத்தை அடிமுனைக்கு 1 சென்டிமீட்டர் கீழே வைத்துவிட்டால், கோல் 11 என்று காட்டும்; கணக்கு 5.5 லிட்டராகும். ஒரு சென்டிமீட்டர் தவறு நூற்றுக்கு இருபத்தைந்துக்கு மேற்பட்ட பொய்யாக வளர்கின்றது. முறைப்பாசனம் உள்ள ஊரில், கால்வாசி நீரைப் பற்றிய வழக்கு என்பது வெட்டுக்குத்து வரை போகக்கூடியது.

குழாயின் நடுவே இடுக்கம் அமைத்து, முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசத்தால் ஓட்டத்தைக் காணும் கருவிகளும் இவ்வாறே. ஓட்டம் இரட்டித்தால் வித்தியாசம் நான்கு மடங்காகும் என்பது அவற்றின் இயல்பு. ஆகையால் முழு அளவில் நூற்றுக்கு ஒன்றே பூஜ்யம் பிழைத்தாலும், நீர் சிறிதும் ஓடாதபோது முழு ஓட்டத்தில் பத்தில் ஒரு பங்கு ஓடுவதாகக் கருவி காட்டும். இவற்றின் பூஜ்யம் பார்க்க, இருபுறத்து அழுத்தத்தையும் இணைக்கும் நடுவால்வைத் திறந்து சமமாக்கிப் பார்க்கவேண்டும்.

காந்தப்புலத்தால் ஓட்டத்தை அறியும் மின்மீட்டர்கள் இப்பொழுது மலிந்துவருகின்றன. இவற்றின் பூஜ்யத்தைக் குழாய் நிரம்பி, நீர் அசையாது நிற்கும்போதே பார்க்கவேண்டும். வெறுங்குழாயில் பார்ப்பது தவறு. வால்வு கசிய விட்டுப் பார்ப்பதும் தவறு. விநாடிக்கு 0.2 லிட்டர் என்பது கண்ணுக்குத் தோன்றாத சிறு பிழை. ஆனால் மோட்டார் ஓயும் 18 மணி நேரத்தில் அது 12,960 லிட்டராகும். 30 நாளில் 3,88,800 லிட்டராகும். 12,000 லிட்டர் கொள்ளும் டாங்கர் லாரிகள் 32 வந்து நிரம்பிச் சென்றதற்கு இது சமம். சில மீட்டர்கள் சிறு ஓட்டத்தை மறைத்துப் பூஜ்யம் என்று காட்டும்படி அமைக்கப்பட்டிருக்கும். அவற்றில் நீர் நின்றபோது பிழை தெரியாது. நீர் ஓடும்போது அது கணக்கில் ஒளிந்து ஏறும். எனவே வாங்கும்போதே இதைக் கேட்டறிந்து, அம்மறைப்பை நீக்கிக் காட்டச் சொல்லவேண்டும்.

கம்பியும் மின்சாரமும்

தூரத்துக் கிணற்றின் செய்தியை வீட்டிலோ பஞ்சாயத்து ஆபீஸிலோ காணவேண்டின் கம்பி வேண்டும். இதற்கு உலகெங்கும் வழங்கும் முறை, இரண்டே கம்பியில் 4 முதல் 20 மில்லி ஆம்பியர் வரை மின்னோட்டம் அனுப்புவதாகும். அக்கம்பிகளின் வழியே 24 வோல்ட் மின்சாரம் கருவிக்குச் செல்லும். கருவியின் செய்தியும் அவற்றின் வழியே திரும்பும். இம்முறையில் பூஜ்யத்துக்கு 4 மில்லி ஆம்பியர் என்று வைத்ததன் நுட்பத்தை நாம் ஊன்றி நோக்கவேண்டும். நீர் இல்லையென்றால் 4 வரும். கம்பி அறுந்தாலோ மின்சாரம் நின்றாலோ ஒன்றும் வராது. "நீர் இல்லை" என்பது ஒரு செய்தி. "செய்தி இல்லை" என்பது வேறு. இவ்விரண்டையும் பிரித்துக் காட்டுவதற்காகவே பூஜ்யத்துக்கும் உயிர் கொடுத்துள்ளனர்.

20 மீட்டர் அளக்கும் நீர்மட்டக் கருவியை நீரினின்று வெளியே எடுத்துக் காற்றில் தொங்கவிட்டால் 4.00 வரவேண்டும். 4.16 வந்தால் 20 சென்டிமீட்டர் பிழை என்று அறிக. மேலே கூறிய 8 மீட்டர் உப்புக் கணக்கு இந்த 0.16-க்குள் அடங்கியுள்ளது. இதைப் பார்க்கச் சில நூறு ரூபாய் விலையுள்ள மல்டிமீட்டர் ஒன்றே போதும். கருவியுடன் இறங்கும் கேபிளின் நடுவே காற்றுக்குழல் ஒன்று உண்டு. அதன் வாய் அடைபட்டால், புயற்காலத்தில் வாயுமண்டல அழுத்தம் மாறும்போது நீர்மட்டம் மாறியதுபோலப் பொய் காட்டும். வாயிலுள்ள ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தை மழைக்கு முன் மாற்றவேண்டும்.

மின்சாரத்தின் குறையால் நேரும் பொய் இன்னும் வஞ்சகமானது. 24 வோல்ட் வேண்டிய இடத்தில், கையிலுள்ள 12 வோல்ட் பாட்டரியை இணைப்பவர் உளர். கருவிக்குக் குறைந்தது 10 வோல்ட் தேவை, கம்பிவழியில் 250 ஓம் தடை உள்ளது என்று கொள்வோம். மிஞ்சிய 2 வோல்ட்டால் 8 மில்லி ஆம்பியருக்கு மேல் செல்லாது. அதாவது அளவின் கால்பங்கு வரை கருவி உண்மை கூறும். அதற்கு மேல் எவ்வளவு நீர் ஏறினாலும் 8-லேயே நிற்கும். பாதிவழி உண்மை பேசும் சாட்சியைப் போல் கேடு விளைப்பது வேறொன்றில்லை. பாட்டரியாலோ மின்கம்பியாலோ இயங்கும் ஓட்டமானி உள்ள இடங்களில் இன்னொன்றையும் கவனிக்க. மானிக்கு மின்சாரம் நின்ற வேளையில் டீசல் எஞ்சினால் இறைத்த நீர் அதன் கணக்கில் ஏறாது. பாட்டரி மாற்றிய தேதியைப் பெட்டியின்மேல் அழியாத மையால் எழுதிவைக்க வேண்டும்.

கடற்காற்று வீசும் நம் கிராமங்களுக்கு வேறொரு கஷ்டமும் உண்டு. உப்பும் ஈரமும் இணைப்புப் பெட்டிக்குள் புகுந்தால், இரு முனைகளுக்கும் இடையே சிறு மின்னோட்டம் கசியும். அது கருவியின் செய்தியோடு கூடி, நீர்மட்டம் உயர்ந்ததாகவே காட்டும். ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்யும்போது மட்டம் உயர்வது இயற்கையாதலால் எவரும் ஐயுறார். ஆகவே கேபிள் பெட்டியின் அடிப்புறமாகவே உள்ளே நுழையவேண்டும். நுழையுமுன் சற்றே தொங்கி வளைந்திருந்தால் மழைநீர் அங்கேயே சொட்டிவிடும். மோட்டார் கேபிளும் செய்திக் கம்பியும் ஒரே குழாயில் செல்லலாகாது. செய்திக் கம்பியின் உலோக உறையை ஒரு முனையில் மட்டும் பூமியோடு இணைக்கவேண்டும். மோட்டாரைச் சோதிக்க வரும் மெக்கானிக், மெக்கர் என்னும் உயர் வோல்ட் சாதனத்தை இக்கம்பிகளில் வைத்துவிட்டால் கருவி அக்கணமே மாண்டுபோகும். ஆதலால் அதற்குமுன் இவற்றைக் கழற்றிவிடச் சொல்லவேண்டியது உடையவரின் கடமை.

ஆலைகளிடம் கற்கவேண்டியது

இவ்வளவு கவனம் விவசாயத்துக்கு அதிகம் என்று சிலர் கூறக்கூடும். திருவொற்றியூர், மணலி, எண்ணூர் ஆலைகளில் குழாய்தோறும் இத்தகைய மானிகள் இருப்பது யாவரும் அறிந்ததே. 2023-ம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதி இரவு, எண்ணூர்ப் பெரியகுப்பத்துக்கு அருகே, உர ஆலைக்கு அம்மோனியா கொணரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. மீனவக் குடும்பங்கள் நள்ளிரவில் குழந்தைகளுடன் வீடுகளை விட்டு ஓடின. பலர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். கடலுக்கடியில் குழாய்க்கு நேர்ந்ததைக் கண்ணால் காண்பார் இல்லை. மூக்கில் ஏறிய நெடியைத் தவிர அதைக் காட்டிய சாட்சி, குழாயின் அழுத்தம் வீழ்ந்ததே. அவ்வீழ்ச்சி எத்தனை விரைவில் தெரிகின்றதோ அத்தனை உயிர்களுக்கு நன்மை. பூஜ்யம் பிழைத்த மானியோ, கம்பி அறுந்த மானியோ அந்நேரத்தில் என்ன சொல்லும் என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். நாம் வயலில் இடும் உரத்தின் பின்னே இவ்வளவு அபாயமும் இவ்வளவு அளவையும் உள்ளன. நம் கிணற்றின் அபாயம் ஓரிரவில் வருவதன்று. ஆண்டுக்கணக்கில் ஓசையின்றி வருவது. ஓசையின்றி வருவதற்கே மானி அதிகம் தேவை.

பதிவேட்டில் எழுதவேண்டிய சொல்

கிராம அதிகாரிகளுக்குத் தனியே ஒரு வார்த்தை. கர்ணம், முன்சீப் காலத்திலும், 1980-ம் வருஷத்துக்குப் பின்வந்த கிராம நிர்வாக அலுவலர் காலத்திலும், அடங்கலில் பயிரில்லாத நிலத்தைத் தரிசு என்றே எழுதுவர், வெறுமனே விட்டுவிடுவதில்லை. பாராத நிலத்தைத் தரிசு என்று எழுதுவது குற்றம். இதே நியாயம் நீர்ப் பதிவேட்டுக்கும் உரியது. மானி பழுதான நாளிலும், மின்சாரம் இல்லாத நாளிலும், ஆள் செல்லாத நாளிலும் "0" என்று எழுதும் பழக்கம் சில இடங்களில் பரவியுள்ளது. பிற்காலத்தில் அப்பதிவேட்டைப் பார்ப்பவர், அந்நாளில் நீர் இறைக்கப்படவில்லை என்றே முடிவு கட்டுவர். நீர்ப் பங்கீடும், இறைப்புக் கட்டுப்பாடும், நஷ்ட ஈடும் அம்முடிவைப் பற்றியே நடக்கும்.

திருவொற்றியூர்க் கோவில் வரலாற்றில், அரசன் வகுத்த ஓலையில் ஒற்றியூரை மாத்திரம் விலக்கி ஓர் எழுத்து ஏறியிருந்தது என்றும், அதனால் இறைவனுக்கு எழுத்தறியும் பெருமான் என்னும் திருநாமம் உண்டாயிற்று என்றும் கூறுவர். ஏட்டில் ஓர் எழுத்து ஓர் ஊரின் நிலையையே மாற்றும் என்பதை இவ்வூரார் அறியாதவர் அல்லர். இறைவன் எழுதினால் அருள். நாம் பாராமல் எழுதினால் அநியாயம்.

ஆட்சேபங்களுக்குச் சமாதானம்

மானி வந்தால் பின்னால் கட்டணம் வரும் என்ற அச்சம் விவசாயிகளிடம் உண்டு. இதை அறியாமை என்று தள்ளுவது நேர்மையன்று. மின்கட்டணத்துக்காக 1970-களில் நம் விவசாயிகள் பட்ட பாட்டையும் செய்த போராட்டத்தையும் நாடு மறக்கவில்லை. 1990-ம் வருஷம் முதல் பம்புசெட்டுகளுக்கு இலவச மின்சாரம் வழங்கப்படுவது அதன் பின்விளைவே. கட்டணம் வேண்டுமா வேண்டாமா என்பது சட்டசபையில் தீர்வது, இப்பத்திரிகையின் விஷயமன்று. ஆனால் ஒன்று நிச்சயம். என்றேனும் மானியைக் கொண்டு யாரேனும் கணக்குக் கேட்பாராயின், பூஜ்யம் பார்க்கத் தெரிந்த விவசாயியே வாதாடக் கூடியவர். தெரியாதவர் மானி சொன்னதைத் தலைமேல் ஏற்கவேண்டியவராவார். ஆகவே பூஜ்யம் பார்க்கும் அறிவு சர்க்காருக்குச் செய்யும் உபகாரமன்று. தமக்குத் தாமே அமைத்துக்கொள்ளும் வேலி.

மெக்கானிக்கே பார்த்துக்கொள்வார் என்பாரும் உளர். திருத்துவது மெக்கானிக்கின் வேலை. பார்ப்பது நம் வேலை. தராசைச் செய்பவன் வேறு, வெறுந்தராசைத் தூக்கிக் காட்டச் சொல்பவன் வேறு.

என் யோசனைகள்

சிறு, குறு விவசாயிகளுக்குச் சொட்டுநீர்ச் சாதனங்கள் முழு மானியத்தில் கிடைக்கின்றன. சாதனம் பொருத்தப்பட்டதா என்று அதிகாரிகள் பார்க்கின்றனர். இதனோடு, விவசாயியின் முன்னிலையில் மானிகளின் பூஜ்யம் பார்க்கப்பட்டதா என்பதையும் ஒரு நிபந்தனையாகச் சேர்க்கவேண்டும்; அதன்றிக் கம்பெனிக்குப் பணம் பட்டுவாடா ஆகலாகாது. ஒவ்வொரு மானியிலும் ஒரு சீட்டுத் தொங்கவேண்டும். அதில் பூஜ்யம் பார்த்த தேதி, கண்ட அளவு, பார்த்தவர் கையொப்பம் ஆகிய மூன்றும் போதும். மாதம் ஒரு முறை பார்த்தால் நலம். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னும் பின்னும் பார்ப்பது கட்டாயம். கிராம நீர்ப் பதிவேட்டில் "பூஜ்யம்" என்பதற்கும் "செய்தியில்லை" என்பதற்கும் தனித்தனிப் பத்தி வேண்டும். குறுவட்டத்துக்கு ஒரு மல்டிமீட்டரும், சரியென்று சோதித்து வைத்த ஓர் அழுத்தமானியும், அவற்றைக் கையாளப் பழகிய உள்ளூர் வாலிபர் ஒருவரும் இருந்தால் இவ்வேலை முழுதும் நடந்துவிடும். இதற்காகும் செலவு, உப்பான ஒரு கிணற்றுக்குப் பதில் வேறு கிணறு தோண்டும் செலவில் மிகச் சிறு பகுதியே.

வருகிற பருவமழைக்குமுன், வாசகர்களில் ஒவ்வொருவரும் தம் பொறுப்பிலுள்ள ஒரு மானியையாவது நீர் நிறுத்திப் பார்த்து, கண்டதைக் கண்டபடி எழுதிவைக்கும்படி வேண்டுகின்றேன். முள் பூஜ்யத்தில் நின்றால் அதையும் எழுதுக. நில்லாதாயின் அதை இரட்டிப்புக் கவனத்துடன் எழுதுக. மீஞ்சூர்ப் பக்கத்துக் கிணறுகளில் உப்பு ஏறியபோது, எந்த மாதம் எவ்வளவு ஏறிற்று என்று தம் கைப்படக் குறித்து வைத்திருந்த குடியானவர்கள் அரியர். இனி வரும் தலைமுறை நம்மிடம் அக்கணக்கைக் கேட்கும்.